சொல்லிவிட்டுத் தூக்க வேண்டும்

மூன்றாவது டம்ளரைக் குடித்து முடித்தபோது மணி பத்தே கால். ஸ்கேன் சென்டரின் சுவர்க் கடிகாரம் நாலு நிமிஷம் கூடுதலாகக் காட்டியது. மாசிலாமணி தன் கைக்கடிகாரத்தையே நம்பினார். முப்பத்து நாலு வருஷம் சரக்கு ரயில் ஓட்டியவருக்கு அடுத்தவர் கடிகாரத்தில் நம்பிக்கை வராது. ஒரு லிட்டர் குடிக்க வேண்டும், அடக்கி வைத்திருக்க வேண்டும், நன்றாக முட்டிக்கொண்டு வந்ததும் சொல்ல வேண்டும் என்று கவுண்டரில் இருந்த பெண் தலை நிமிராமல் ஒப்பித்திருந்தாள். நீர்ப்பை நிறைந்திருந்தால்தான் அதற்குக் கீழே வீங்கிக் கிடக்கிற புராஸ்டேட் படத்தில் சரியாகத் தெரியுமாம். பிறகு போய்விட்டு வரச் சொல்லி இன்னொரு தடவை எடுப்பார்களாம், போன பிறகும் உள்ளே எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்க்க. அவருடையது பதினேழாம் டோக்கன். உள்ளே போயிருப்பது ஏழு. ஆளுக்கு ஒன்பது நிமிஷம் என்று வைத்தாலும் பதினொன்றே முக்கால் ஆகிவிடும். பதினொன்றே முக்காலுக்கு மனைவி சுலோச்சனாவைத் திருப்பியாக வேண்டும். ஒன்பதே முக்காலுக்கு இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை கொடுத்து, பக்கத்து வீட்டுப் பரிமளாவை நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு வந்திருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பாவிட்டால் தோல் சிவக்கும், சிவந்த இடம் புண்ணாகும். நாலு வருஷமாகப் படுக்கையில் இருப்பவளுக்கு ஒரு புண் வரவில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை, ஆனால் தினமும் நினைத்துக்கொள்வார். பரிமளா தண்ணீர் கொடுப்பாள், வாயைத் துடைத்துவிடுவாள், டிவியைப் போட்டுவிட்டுத் தானும் பார்ப்பாள். திருப்புவது மட்டும் அவளால் ஆகாது. அவளால் ஆகாது என்பதைவிட, அவர் அவளைச் செய்ய விட்டதில்லை என்பதே சரி. இந்த இடத்தில் நினைப்பு லேசாக எதிலோ தட்டிற்று. அவர் நாலாவது டம்ளரை எடுத்தார்.

போன வியாழக்கிழமை டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். பையன் மாதிரி முகம், ஆனால் கை நடுங்காத கோடு. பலூன் மாதிரி நீர்ப்பை, அதன் கழுத்தைச் சுற்றி ஒரு வட்டம். வட்டம் வயதோடு சேர்ந்து பருத்துக் கழுத்தை நெரிக்கிறது. மூன்று வழி இருக்கிறது என்றார். மாத்திரை, ஒன்று கழுத்தைத் தளர்த்தும், இன்னொன்று வட்டத்தைச் சுருக்கும், சுருங்க ஆறு மாதம் ஆகும். இரண்டாவது ஆபரேஷன், வெளியே கத்தி படாது, உள்ளே கருவி விட்டுச் செதுக்கி எடுத்துவிடுவோம், மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம். மூன்றாவது டியூப், அது வழி என்று சொல்ல முடியாது, வழி இல்லாதவர்களுக்கு. கேன்சர் இல்லை, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் ரத்தத்தில் உப்பு ஏறியிருக்கிறது, சிறுநீர் பின்னுக்குத் தள்ளிக் கிட்னியை அமுக்குகிறதா என்று ஸ்கேனில் தெரிந்துவிடும், அப்படி இருந்தால் மாத்திரையை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. மாசிலாமணி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், எஞ்சினில் கக்கூஸ் கிடையாது, மாவேலிபாளையம் லூப் லைனில் வேறு வண்டிக்கு வழிவிட மூன்று மணி நேரம் நிறுத்தி வைப்பார்கள், அடக்கி அடக்கித்தான் இப்படி ஆயிற்றா என்று. டாக்டர் சிரித்தார். அப்படியெல்லாம் இல்லீங்க, ஆபீசில் ஏசியில் உட்கார்ந்தவருக்கும் இதேதான் வருது என்றார். அது அவருக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது. உழைத்ததற்கு வந்த நோவு என்று இருந்திருந்தால் ஒரு மரியாதை இருந்திருக்கும். பிறகு டாக்டர் குரலைத் தாழ்த்தி, ஆபரேஷனுக்கு அப்புறம் அந்த நேரத்தில் விந்து வெளியே வராது, பின்னால் போய்விடும், வேறு பாதிப்பு இல்லை என்று சொன்னபோது, வேறு மாவட்டத்து மழைச் செய்தியைக் கேட்பதுபோலத் தலையாட்டினார். கடைசியாகத்தான், எழுந்திருக்கும்போது, ஆறு வாரத்துக்குக் கனம் எதுவும் தூக்கக்கூடாது, தண்ணீர்க் குடம்கூட வேண்டாம், உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். சுலோச்சனா நாற்பத்தெட்டு கிலோ.

பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் முதலில் தன் மஞ்சப்பையை உட்கார வைத்தார், நாற்காலிக்குக் கீழே, சாயாமல் சுவரோடு அணைத்து. எழுபத்தைந்து இருக்கும். பை ஏதோ கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்தது. மணமக்கள் பெயரும் தேதியும் பச்சை எழுத்தில். பையின் வாயிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வேட்டிக்குள் போயிற்று. பார்க்கக்கூடாது என்று மாசிலாமணி கடிகாரத்தைப் பார்த்தார். அவரோ கூச்சப்படுகிற ஆளாக இல்லை. பேர் நாச்சிமுத்து, மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்கினவர் என்று தானே சொன்னார். இந்தப் பையைக் கொடுத்த கல்யாணத்தில்தான் அடைத்துக்கொண்டதாம். பந்தியில் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் இலையை எடுத்துவிடுவார்களே என்று அடக்கினார், அப்புறம் போனால் ஒரு சொட்டு வரவில்லை, வயிறு பானை மாதிரி ஆகி, தாலி கட்டின மாப்பிள்ளையே வண்டி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அதனால் இதிலேயே வைத்திருக்கிறேன், நன்றிக்கடன் என்றார். மாசிலாமணிக்குச் சிரிப்பு வந்து, சிரித்தால் கசிந்துவிடும் என்று நின்றது. மாதம் ஒருமுறை குழாய் மாற்றுகிறார்கள், மாற்றின ராத்திரி குளிர்க்காய்ச்சல் வரும், குப்புறப் படுக்க முடியாது, மற்றபடி பழகிப்போச்சுங்க. தூக்க முடியுமா என்று மாசிலாமணி கேட்டார். எதை? கனமா ஏதாவது. நாச்சிமுத்து அவரை ஒரு தடவை நன்றாகப் பார்த்துவிட்டு, இந்த வயசில நீங்க எதைத் தூக்கப்போறீங்க என்றார். பிறகு நாற்காலி மேல் கிடந்த மாசிலாமணியின் கையைத் தட்டிக்கொடுத்து, “எனக்கு நெஞ்சு தாங்காதுன்னு ஆபரேசனே கிடையாதுன்னுட்டாங்க. உங்களுக்கு ஆகும்னா பண்ணிப்போடுங்க. ஒண்ணுக்குக் கூட மூட்டை சுமக்கறதுங்கறது பெரிய கொடுமைங்க” என்றார். ஆனால் மாசிலாமணி அதற்குள் வேறு கணக்கில் இருந்தார். குழாயோடு தூக்கலாம். பையை இடுப்பில் கட்டிக்கொண்டால் இரண்டு கையும் மிச்சம். காய்ச்சல் வந்தால் வரட்டும். டாக்டர் வழி இல்லை என்று சொன்ன வழியில் அவர் பாட்டுக்கு நடக்கத் தொடங்கியிருந்தார்.

தூக்குவதற்கு ஒரு முறை உண்டு. எஞ்சினில் சிக்னல் கண்ணில் பட்டதும் உதவி டிரைவர் கையை நீட்டி நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், டிரைவர் தானும் பார்த்து அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இருவர் வாயிலும் ஒரே நிறம் வந்தால்தான் வண்டி போகும். முப்பத்து நாலு வருஷத்தில் எத்தனை லட்சம் தடவை சொன்னாரோ, தூக்கத்திலும் சொல்வார் என்று சுலோச்சனா கேலி செய்வாள். கூட இருப்பவர் புது மருமகள்போலப் பதில் சொல்லாமல் இருந்தால் வண்டியை நிறுத்திவிடுவீர்களா என்று கேட்பாள். கீரைக் கட்டைக் காட்டிப் பச்சை என்பாள், அவர் அனிச்சையாகப் பச்சை என்பார், அவள் சிரிப்பாள். பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் சேர்ந்து போன பிறகு மூன்று மாதம் அவள் வாயிலிருந்து காற்றைத் தவிர எதுவும் வரவில்லை. ஒருநாள் காலை, கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்ற அவள் கக்கத்துக்குள் கை கொடுத்து நின்றபோது, தைரியத்துக்கோ பழக்கத்துக்கோ பச்சை என்றார். பச்சை, என்றாள் அவள். ச கொஞ்சம் குழறினாலும் பச்சைதான். அவர் தூக்காமல் அப்படியே நின்றுவிட்டார், கால் வலிக்கும் வரை. அதன்பிறகு இன்னொரு வார்த்தை வந்தது, சிவப்புக்குச் சேப்பு. வலித்தால், தயாராக இல்லாவிட்டால், சேப்பு. பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் தண்ணீர், சோறு, ஹேமா என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள்; மகள் பெயர்கூட வரவில்லை. இரண்டு வார்த்தைதான் மிச்சம். இரண்டும் அவரிடமிருந்து போனவை. தூக்குகிற நாலைந்து விநாடி அவள் கன்னம் இவர் கழுத்தில் அழுந்தும், மூச்சு காதில் படும், தலையில் தேங்காயெண்ணெய் வாசம். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை. டாக்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னது அன்று திரும்பும் வழியில் பஸ் ஸ்டாப்பில்தான் இவருக்கு உறைத்தது. அந்தக் காரியம் போனதற்கு வருத்தமில்லை, இந்த எட்டுத் தடவை இருக்கிறதே என்று நினைத்தார். பஸ்ஸில் ஏறிய பிறகுதான், ஆறு வாரம் இதுவும் கிடையாது என்பது பிடிபட்டது.

பதினொன்று ஐந்து. பன்னிரண்டாம் டோக்கன். ஒரு கர்ப்பிணிப் பெண்ணை அவசரமென்று நடுவில் விட்டார்கள், யாரும் முணுமுணுக்கவில்லை. அடிவயிறு கனக்கத் தொடங்கியிருந்தது. இந்தக் கனம்தான் அன்றைக்கும். ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை. இந்த நோவுக்கு முதன்முதலில் மாத்திரை எழுதிக் கொடுத்தபோது ராத்திரி சாப்பிட்ட பிறகு போட வேண்டும், பிரஷர் இறங்கித் தலை சுற்றும், போட்டதும் படுத்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். இவர் டூட்டி பார்த்தவர் மாதிரி யோசித்தார். இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் எழுந்து அவளைத் திருப்புகிறவன் ராத்திரி தலை சுற்றி விழுந்தால் கேட்க நாதியில்லை, பகலில் என்றால் பரிமளாவாவது வருவாள். மாத்திரையைக் காலைக்கு மாற்றிக்கொண்டார். யாரிடமும் கேட்கவில்லை. எட்டு மணிக்குப் போட்டார், ஒன்பது மணிக்கு அவளை நாற்காலிக்கு மாற்ற வேண்டியிருந்தது, அதே நேரத்தில் இவருக்கு முட்டிக்கொண்டு வந்தது, வந்தால் நிற்காது, வேட்டி நனைந்துவிடும். அவளை அரைகுறையாக உட்கார வைத்த நிலையில் விட்டுப் போக முடியாது. அவசரத்தில் பச்சை என்றார். அவள் சேப்பு என்றாள். அதுதான் திரும்பத் திரும்ப வந்து மாட்டிக்கொள்கிறது. கேட்கவில்லை என்று சொல்லலாம், தெளிவாகக் கேட்டது. சேப்பு என்று கேட்ட பிறகு தூக்கினார். பாதி உயரத்தில் கண் இருட்டிக்கொண்டு வந்தது, இருவரும் சேர்ந்து விழுந்தார்கள், அவளுடைய இடது மணிக்கட்டு, உயிருள்ள ஒரே கை, கட்டில் சட்டத்தில் பட்டு முறிந்தது. தரையில் கிடந்தபோது வேட்டி நனைந்தது. ஓசூரிலிருந்து மகள் ஹேமா வந்தபோது, அம்மா நாற்காலியிலிருந்து நழுவிவிட்டாள் என்றார். சுலோச்சனா பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். சொல்ல அவளிடம் இருந்த இரண்டு வார்த்தையில் அதற்கு உதவக்கூடியது ஒன்றுதான், அதை அவள் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. சிவப்பைத் தாண்டிய டிரைவருக்கு விசாரணை உண்டு, வண்டியை விட்டு இறக்கிவிடுவார்கள். முப்பத்து நாலு வருஷத்தில் ஒருமுறைகூட அவர் தாண்டியதில்லை. வீட்டில் தாண்டியவரை இறக்க யாரும் வரவில்லை. கட்டுப்போட்ட கையோடு இருந்தவளை மறுநாளே அவரே தூக்கினார். பச்சை என்றார். அவள் வெகுநேரம் சொல்லவில்லை. பிறகு சொன்னாள்.

மாத்திரையையும் அன்றோடு நிறுத்திவிட்டார். இரண்டு மாதம் யாருக்கும் தெரியாது. அவர் கால் வீங்கியதைப் பார்த்து ஹேமாதான் ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துப்போனாள். அவள் ஒரு இடம் சொல்கிறாள். கோயமுத்தூர் பக்கம், படுத்த படுக்கையானவர்களைப் பார்த்துக்கொள்கிற இடம், இரண்டு நர்ஸ், காற்றுப் படுக்கை, ஆறே வாரம், அப்புறம் கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் அப்பா. இடத்தின் பெயரை மூன்று தடவை சொல்லிவிட்டாள். மூன்று தடவையும் அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. பெயர் மனதில் தங்கிவிட்டால் அது நிஜமான ஊரில் நிஜமான கட்டடமாக ஆகிவிடும். அங்கே போர்வையின் நாலு முனையைப் பிடித்து ஒன்று இரண்டு மூன்று என்று சொல்லித் தூக்குவார்கள். யாரும் பச்சை சொல்ல மாட்டார்கள். சொல்லாவிட்டால் அவளும் சொல்ல மாட்டாள். சொல்லாமல் ஆறு வாரம் இருந்தால் அந்த இரண்டு வார்த்தையும் போய்விடும், திரும்பக் கூட்டிவரும்போது காற்றுதான் வரும். இதை ஹேமாவிடம் அவர் விளக்கவில்லை. விளக்கினால், அதற்கென்னப்பா, நான் அவர்களிடம் சொல்கிறேன் என்பாள். அது அவ்வளவு சுலபமாக இருந்துவிடக்கூடாது என்று அவருக்கு இருந்தது. ஏன் இருக்கக்கூடாது என்று யோசிக்கப் போனால் பரிமளாவை நினைத்தபோது தட்டிய அதே இடத்தில் நினைப்பு மறுபடி தட்டிற்று.

பதினொன்றே முக்காலுக்குப் பதினைந்தாம் டோக்கன் உள்ளே போயிற்று. அடிவயிறு கல்லாகிவிட்டிருந்தது. தொடையை ஒட்டி வைத்துக்கொண்டு, மூச்சை மேலாக விட்டுக்கொண்டு, நாச்சிமுத்துவுக்கு நடந்ததுபோல அடைத்துக்கொண்டால் என்ன செய்வது என்று ஒரு பயம், இங்கேயே போய்விட்டால் என்ன செய்வது என்று அதற்கு நேர் எதிர்ப் பயம், இரண்டும் ஒரே நேரத்தில். இப்போது எழுந்து போய்விட்டால் மறுபடி ஒரு லிட்டர், மறுபடி ஒன்றரை மணி நேரம். வீட்டுக்கு ஓடினால் ஆட்டோவில் இருபது நிமிஷம். செல்போன் அடித்தது. பரிமளாதான். அக்கா முனகறாங்கண்ணா, முகத்தைச் சுளிக்கறாங்க, நீங்க வர எவ்வளவு நேரமாகும் என்றாள். அவர் எழுந்து நின்றார். எழுந்ததில் ஒரு சொட்டு கசிந்தது. கவுண்டர்ப் பெண், பெரியவரே, இப்பப் போகாதீங்க, இன்னும் ரெண்டே பேர்தான் என்றாள். நாச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார். மாசிலாமணி நின்றபடியே பரிமளாவுக்குச் சொல்லத் தொடங்கினார். முதுகுத் தலையணையை எடு, முழங்காலுக்கு நடுவில் இருப்பது இருக்கட்டும், ஒரு கை தோளுக்கடியில், ஒரு கை இடுப்புக்கடியில், இழுக்காதே, உருட்டு. எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் இருந்தது. ஒரே கணம். மணிக்கட்டு நினைவுக்கு வந்தது.

“போனை அவ காதுகிட்ட வேண்டாம், கட்டில்ல வெச்சுரு. கைய வெச்சதும் பச்சைன்னு சொல்லு. சொல்லிப்போட்டு நில்லு. அவ சொல்லாமத் திருப்பாத.”

“பச்சையா? எதுக்குங்கண்ணா?”

“சொல்லு.”

போன் கட்டிலில் விழுகிற சத்தம் கேட்டது. டிவியில் யாரோ சமையல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தலையணை உரசும் ஓசை. பிறகு பரிமளா, கூச்சத்தோடு, ஏலம் கேட்பவள்போல, பச்சை என்றாள். ஒன்றுமில்லை. அவர் காதில் போனை அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றார். ஒன்றுமில்லை. வராது, நான்தான் சொன்னேனே, என்று உள்ளுக்குள் ஏதோ நிம்மதியாக அசைந்தது. அப்படி அசைந்ததை அவரே பார்த்துவிட்டார். பரிமளா இன்னொரு தடவை சொன்னாள். இந்த முறை கொஞ்சம் தாழ்த்தி, குழந்தையிடம் சொல்வதுபோல. பச்சை, என்றாள் சுலோச்சனா. ச அதே மாதிரிக் குழறிற்று. கட்டில் கிறீச்சிட்டது, ஒரு பெருமூச்சு கேட்டது, அது யாருடையது என்று தெரியவில்லை. அக்கா சொன்னாங்கண்ணா, திருப்பியாச்சு, நல்லாப் படுத்துக்கிட்டாங்க, என்று பரிமளா பெருமையாகச் சொன்னதற்கு, சரி என்றார். நாலு வருஷம் அவர் ஒருவர்தான் என்று இருந்தது பதினைந்து விநாடியில் முடிந்திருந்தது.

பதினேழு என்று கூப்பிட்டார்கள். குளிர்ந்த பசையைத் தடவிக் கருவியை வைத்து அழுத்தியபோது பல்லைக் கடித்துக்கொண்டார். ஸ்கேன் டாக்டர் பெண். திரையைப் பார்த்துக்கொண்டே எண்களைச் சொல்ல, உதவியாளர் திருப்பிச் சொல்லித் தட்டெழுதினாள். டாக்டர் சொன்னதையே அவளும் சொல்லி, இருவர் வாயிலும் ஒரே எண் வந்த பிறகுதான் அடுத்தது. போய்விட்டு வாங்க என்றார்கள். கழிவறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வரவில்லை. குழாயைத் திறந்துவிட்டார், தண்ணீர்ச் சத்தத்தில் வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கண்ணை மூடினால் மாவேலிபாளையம் லூப் லைன், நாற்பது வேகன், எதிரே சிவப்பு. மெல்ல நூல் மாதிரி வந்தது, நின்றது, வந்தது, நின்றுவிட்டது. வெளியே வந்து மறுபடி படுத்தார். உள்ளே இன்னும் முந்நூற்றுப் பத்து மில்லி இருக்கிறது, இரண்டு கிட்னியும் லேசாக வீங்க ஆரம்பித்திருக்கிறது என்று ஸ்கேன் டாக்டர் அவர் கேட்காமலே சொன்னார். உங்க டாக்டரைச் சீக்கிரம் பாருங்க.

ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தபோது நாச்சிமுத்துவைக் கூப்பிட்டார்கள். அவர் மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு, என்னங்க சொன்னாங்க என்றார். பண்ணித்தான் ஆகணுமாம் என்றார் மாசிலாமணி. நல்லதாப் போச்சு என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார், மணமக்கள் பெயர் ஆடிக்கொண்டே போயிற்று. மாசிலாமணி ஹேமாவைக் கூப்பிட்டார். ஆபீசில் இருந்தாள், எழுந்து வெளியே நடந்து வருகிற சத்தம் கேட்டது. மணிக்கட்டைப் பற்றி முதலில் சொன்னார். அம்மா நழுவவில்லை, நான்தான், அவள் வேண்டாம் என்று சொல்லியும் தூக்கினேன். தெரியுமுங்கப்பா என்றாள் ஹேமா. எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.

“அந்த எடத்துக்குப் பேரு என்னமோ சொன்னியே, கண்ணு.”

அவள் சொன்னாள். இந்தத் தடவை ரிப்போர்ட் உறையின் பின்பக்கம் எழுதிக்கொண்டார், கையெழுத்து கோணாமல். அங்கே இருப்பவர்களிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, முழங்காலுக்கு நடுவில் தலையணை, தேங்காயெண்ணெய், அப்புறம் தூக்கும் முன்னால் பச்சை என்று சொல்ல வேண்டும், அவள் பச்சை என்றால்தான் தூக்க வேண்டும், சேப்பு என்றால் கையை எடுத்துவிட வேண்டும். ஹேமா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் குறித்துக்கொண்டாள்.

“சொல்ல நேரமாச்சுன்னா எவ்வளவு நேரம் பாக்கச் சொல்லட்டுங்கப்பா?”

“சொல்ற வரைக்கும்,” என்றார்.